பழைய ஐரிஷ் பதிவேடுகளின் கையெழுத்தைப் படிக்கும் முறை

அயர்லாந்தில் மூதாதையரைத் தேடத் தொடங்கும் எவர் காதிலும் முதலில் விழுவது 1922 ஜூன் 30 பற்றிய செய்திதான். அன்று டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் உள்நாட்டுப் போரில் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் சில துண்டுகளே மிஞ்சின. 1861, 1871 தாள்களை அரசே முன்னமே அழித்திருந்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. இதைக் கேட்ட உடனேயே பலர் தேடலைக் கைவிடுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. மிஞ்சியிருப்பது ஏராளம், அதில் பெரும்பகுதியை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

சிக்கல் கையெழுத்தில் இருக்கிறது. தேடுபெட்டியில் பெயரைத் தட்டும்போது நீங்கள் தேடுவது பதிவேட்டை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கையெழுத்தை யாரோ படித்துத் தயாரித்த பெயர்ப்பட்டியலைத்தான் தேடுகிறீர்கள். அவர்கள் தப்பாகப் படித்திருந்தால் உங்கள் ஆள் பட்டியலில் இருக்க மாட்டார், பதிவேட்டில் பத்திரமாக இருப்பார். ஆகவே படத்தைத் திறந்து நீங்களே படிக்கப் பழக வேண்டும். கர்சிவ் ஆங்கிலம் தெரிந்த யாருக்கும் இது கைவரும். பொறுமையும் சில குறிப்பான உத்திகளும் போதும்.

எந்த வரிசையில் படிப்பது

புதியதிலிருந்து பழையதை நோக்கிப் போங்கள். அப்படிப் போனால் எளிய கையெழுத்தில் பழகிவிட்டுக் கடினமானதற்கு வரலாம். ஊர்ப்பெயரும் குடும்பப் பெயரும் அதற்குள் கண்ணுக்குப் பழகியிருக்கும்.

முதலில் 1911, 1901 கணக்கெடுப்புகள். இரண்டும் முழுமையாக இருக்கின்றன, அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். அடுத்து அரசின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள். கத்தோலிக்கர் அல்லாதோரின் திருமணங்களுக்கு 1845 ஏப்ரலிலும், மற்ற எல்லாவற்றுக்கும் 1864 ஜனவரியிலும் பதிவு தொடங்கியது. ஐரிஷ்ஜீனியாலஜி அரசுத் தளத்தில் 100 ஆண்டு கடந்த பிறப்புகள், 75 ஆண்டு கடந்த திருமணங்கள், 50 ஆண்டு கடந்த இறப்புகள் படமாகக் கிடைக்கும். வட அயர்லாந்தின் ஆறு கவுண்ட்டிகளுக்கு 1921 வரைதான் அங்கே பார்க்கலாம். அதற்குப் பிந்தியவை வட அயர்லாந்துப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணத்துக்கு. மூன்றாவதாகக் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள். பங்கு என்பது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள தேவாலயப் பகுதி, ஆங்கிலத்தில் பாரிஷ். அயர்லாந்து தேசிய நூலகம் மைக்ரோஃபிலிமில் எடுத்து வைத்திருந்தவற்றை 2015 ஜூலையில் இணையத்தில் ஏற்றியது. பெரும்பாலும் 1880 வரை வரும். கையெழுத்து உங்களை உண்மையில் சோதிக்கும் இடம் இதுதான்.

அரசுப் பதிவுகளைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இணையத்தில் இருப்பவை உள்ளூர்ப் பதிவேட்டிலிருந்து பிரதியெடுத்து டப்ளினுக்கு அனுப்பியவை. அதில் தகவல் தந்தவரின் கையொப்பம் போலத் தெரிவது எழுத்தரின் கைதான், உங்கள் முப்பாட்டியின் கை அல்ல. பிரதியெடுக்கும்போது புகுந்த பிழைகளும் அதில் உண்டு. பெயர் எவ்வளவு பார்த்தும் பொருந்தவில்லை என்றால் அந்த மாவட்டப் பதிவு அலுவலகத்தில் உள்ள மூலத்தைக் கேட்டுப் பாருங்கள்.

படத்தைத் தயார் செய்வது

படத்தைப் பதிவிறக்கி, பங்கு, ஆண்டு, பக்க எண் மூன்றும் வரும்படி கோப்புக்குப் பெயர் வையுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் ஒரு மாதத்தில் எந்தப் படம் எந்தப் பங்கு என்றே தெரியாமல் போய்விடும். பிறகு ஏதாவது ஒரு படத்திருத்தியில் திறந்து கான்ட்ராஸ்டைக் கூட்டுங்கள், வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். நிறங்களைத் தலைகீழாக்கிக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒருமுறை பாருங்கள். மங்கிய மை பல நேரம் அப்போது துலங்கும்.

அளவுக்கு மீறிப் பெரிதாக்க வேண்டாம். மிகவும் பெரிதாக்கினால் ஒற்றைக் கோடுகள் மட்டும் தெரியும், சொல்லின் உருவம் போய்விடும். முழு வரியும் திரையில் தெரியும் அளவில் படித்து, ஓர் எழுத்தில் ஐயம் வந்தால் மட்டும் நெருங்கிப் பாருங்கள். மைக்ரோஃபிலிம் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டதால் பின்பக்கத்து மை ஊறி வந்ததும் இந்தப் பக்கத்து எழுத்தும் ஒரே சாம்பல் நிறத்தில் தெரியும். இடவலமாகத் திரும்பி, எதிர்ப்பக்கம் சாய்ந்து தெரிகிற கோடுகள் பின்பக்கத்தவை. நடுத்தையல் ஓரத்தில் சொல்லின் முதல் எழுத்துகள் நிழலில் மறைந்திருக்கும், அதையும் மனதில் வையுங்கள்.

எழுதியவரின் எழுத்துப் பட்டியல்

உங்களுக்கு வேண்டிய வரிக்கு நேராகப் பாயாதீர்கள். அதே குருவானவர் அல்லது அதே எழுத்தர் எழுதிய ஐந்து பக்கங்களை முன்னும் பின்னும் படியுங்கள். எந்த ஐரிஷ் பங்கிலும் ஜான், மேரி, பேட்ரிக், மைக்கேல், பிரிட்ஜெட் கட்டாயம் இருப்பார்கள். மாதப் பெயர்கள் வரும், பங்கின் பெயர் வரும். இவற்றில் ஐயமே இருக்காது. ஒரு தாளில் ஏ முதல் இசட் வரை எழுதி, உறுதியாகத் தெரிந்த சொற்களிலிருந்து ஒவ்வொரு எழுத்தையும் வெட்டி அதன் எதிரே ஒட்டுங்கள். பெரிய எழுத்துக்கு ஒரு நிரல், சிறிய எழுத்துக்கு ஒரு நிரல், சொல்லின் கடைசியில் வரும் வடிவத்துக்கு இன்னொன்று. மூன்றாவது நிரலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சொல்லின் முடிவில் வரும் 'டி' (d) தன் கம்பை இடப்பக்கம் சுருட்டிக்கொள்ளும், 'இ' வெறும் வாலாகத் தேய்ந்திருக்கும். முதல் இரண்டு நிரல்களோடு ஒப்பிட்டால் இவை பிடிபடாது. பங்குக்குப் புதிய குருவானவர் வந்து கையெழுத்து மாறினால் பட்டியலையும் புதிதாகத் தொடங்குங்கள்.

படித்ததை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். சுருக்கத்தை விரித்து எழுத வேண்டாம். எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம். ஐயமுள்ள எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டுக் கேள்விக்குறி வையுங்கள். படிக்க முடியாத இடத்தில் எத்தனை எழுத்து இருக்கும் என்று தோன்றுகிறதோ அத்தனை புள்ளி. நீங்கள் தேடிவந்த பெயர் மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போது எந்தக் கிறுக்கலும் அந்தப் பெயராகவே தெரியும். தேடலைக் கெடுப்பதில் இதற்கு மிஞ்சியது இல்லை. பெயரின் எழுத்துகளைக் கடைசி எழுத்திலிருந்து முன்னோக்கி ஒவ்வொன்றாகப் படித்தால் இந்த மயக்கம் தெளியும்.

ஏமாற்றும் எழுத்துகள்

நீண்ட 'எஸ்' முதலாவது. 19ஆம் நூற்றாண்டிலும் பலர் இரண்டு 'எஸ்' சேர்ந்து வரும்போது முன்னதைக் கோட்டுக்குக் கீழே இறங்கும் நீளக் கம்பாக எழுதினார்கள். பார்வைக்கு அது 'எஃப்' போல, இரண்டும் சேர்ந்தால் 'பி' (p) போலத் தெரியும். ஹெனெஸி என்ற குடும்பம் 'ஹெனெஃப்ஸி' என்றும் 'ஹெனெபி' என்றும் பட்டியலில் ஏறுவது இப்படித்தான். காஸிடி, ராஸ், ஷானஸி எல்லாருக்கும் இதே கதி. அந்தக் கம்பின் நடுவே குறுக்குக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமல், பக்கத்திலேயே சிறிய 'எஸ்' ஒட்டியிருந்தால் அது இரட்டை 'எஸ்'.

அடுத்தது நிமிர்ந்த சிறு கோடுகள். ஐ, என், எம், யூ, வி எல்லாம் ஒரே மாதிரிக் கோடுகளால் ஆனவை. குவின் என்ற குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 'க்யூ'வுக்குப் பிறகு 'யூ'வுக்கு இரண்டு கோடு, 'ஐ'க்கு ஒன்று, இரண்டு 'என்'னுக்கு நான்கு, ஆக ஏழு கோடுகள் வரிசையாக நிற்கும். ஒரே 'என்' போட்டு எழுதுகிறவரிடம் ஐந்துதான் இருக்கும். கோடுகளைப் பென்சிலால் எண்ணுங்கள், பிறகு 'ஐ'யின் புள்ளியைத் தேடுங்கள். வேகமாக எழுதியவரின் புள்ளி ஓரிரு கோடு வலப்பக்கம் தள்ளி 'என்' தலைமேல் போய் நிற்கும். எண்ணிக்கை சரியாக வந்தால் புள்ளியின் இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பெரிய எழுத்துகளில் எல்லும் எஸ்ஸும், டியும் (T) எஃப்பும், கேயும் ஹெச்சும் ஆரும் இடம் மாறும். லியரி சியரியாகும், டியர்னி ஃபியர்னியாகும். அதே பக்கத்தில் சல்லிவன் இருந்தால் அதன் முதலெழுத்தோடு ஒப்பிட்டால் லியரி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். மெக் என்பதைப் பெரிய 'எம்' போட்டு மேலே சிறிய 'சி' அல்லது ஒரு கொக்கியாக எழுதுவார்கள். ஓ' முன்னொட்டு 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் பெரும்பாலும் இருக்காது. பேரன் காலத்தில் திரும்ப ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே குடும்பம்தான்.

சுருக்கப் பெயர்களில் கடைசி எழுத்து மேலே தூக்கி நிற்கும். ஜே-ஏ-எஸ் என்றால் ஜேம்ஸ். ஜே-என்-ஓ என்றால் ஜான், ஜோனதன் அல்ல. இ-டி-டபிள்யூ-டி எட்வர்ட், இ-டி-எம்-டி எட்மண்ட். நடுவே ஓர் எழுத்துதான் வித்தியாசம், அதுவும் கையெழுத்தில் குழம்பும் எழுத்து. ஒரே ஆள் இரண்டு பெயரிலும் வழங்கியதும் உண்டு, ஆகவே இரண்டையும் தேடுங்கள். தேதியில் '7' போட்டு 'பெர்' என்றிருந்தால் அது செப்டம்பர், ஜூலை அல்ல. 8 அக்டோபர், 9 நவம்பர், எக்ஸ் போட்டால் டிசம்பர். பழைய ரோமானிய மாத எண்ணிக்கை அது.

லத்தீன் பதிவுகள்

பங்குப் பதிவேடுகள் ஆங்கிலத்திலோ லத்தீனிலோ இருக்கும். லத்தீன் என்றதும் பயப்பட வேண்டாம், இருபது சொல் தெரிந்தால் போதும். ஒரு ஞானஸ்நானப் பதிவு பொதுவாக இப்படி ஓடும்: தேதி, ஞானஸ்நானம் கொடுத்தேன் என்ற 'பாப்டிஸாவி' அல்லது அதன் சுருக்கம், குழந்தையின் பெயர், எஃப்-எல் என்ற இரண்டு எழுத்து, தந்தை பெயர், 'மற்றும்' என்ற பொருளில் 'எட்', தாய் பெயர், பிறகு எஸ்-பி என்று போட்டு ஞானப்பெற்றோர் இருவர். எஃப்-எல் என்பது முறையான மணவாழ்வில் பிறந்த மகன் அல்லது மகள். தாயின் பெயரோடு அவள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரே பெரும்பாலும் இருக்கும். வேறு பல நாட்டுப் பதிவுகளில் கிடைக்காத செல்வம் அது.

யார் குழந்தை, யார் தந்தை என்பதைப் பெயரின் விகுதி சொல்லிவிடும். 'ஜாக்கோபும்' என்றால் ஞானஸ்நானம் பெற்ற ஜேம்ஸ், 'ஜாக்கோபி' என்றால் ஜேம்ஸின் பிள்ளை, அதாவது தந்தை ஜேம்ஸ். 'பாட்ரிசியும்' குழந்தை, 'பாட்ரிசியி' தந்தை. 'ஹொனோரியாம்' குழந்தை, 'ஹொனோரியே' தாய். மை மங்கி நடுச்சொற்கள் போய்விட்டாலும் விகுதி மட்டும் தெரிந்தால் உறவைப் பிடித்துவிடலாம்.

வீட்டில் வழங்கிய பெயர் வேறு, ஏட்டில் ஏறிய பெயர் வேறு. ஹொனோரியா வீட்டில் நோரா. குலியெல்மஸ் வில்லியம். யூஜீனியஸ் ஓவன் அல்லது யூஜீன். தாதேயஸ் திமொத்தி அல்லது தேடி. ஹெலேனா எலன். யோவான்னஸ் ஜான், யோவான்னா ஜோஹன்னா என்ற பெண், விகுதி தேய்ந்திருந்தால் இங்கே ஆண் பெண் மாறிப்போகும். நம் ஊரில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதுபோல அங்கேயும் மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயரும் இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தா பெயரும் வைக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. கையெழுத்தில் இரண்டு பெயருக்கு நடுவே தடுமாறும்போது இது ஒரு குறிப்பு. ஆதாரமாக மட்டும் கொள்ளாதீர்கள்.

திருமணப் பதிவில் 'டிஸ்பென்ஸ்' என்று தொடங்கும் சிறு குறிப்பைத் தாண்டிப் போகவே கூடாது. உறவுக்குள் மணம் முடிக்கப் பெற்ற விதிவிலக்கு அது, படி எண்ணும் கூடவே இருக்கும். இரண்டாம் படி என்றால் மணமக்கள் உடன்பிறந்தோரின் பிள்ளைகள், மூன்றாம் படி உடன்பிறந்தோரின் பேரப்பிள்ளைகள், நான்காம் படி கொள்ளுப்பேரர்கள். ஒரு தலைமுறைக்கு மேல் பதிவே இல்லாத குடும்பத்திலும் இந்த ஒரு சொல் இரண்டு தலைமுறை மேலே வழி காட்டும். பக்கத்தில் 'கான்சாங்' என்று தொடங்கினால் இரத்த உறவு, 'அஃபின்' என்று தொடங்கினால் முன்மணத்தால் வந்த உறவு. ஓரத்தில் ஷில்லிங் கணக்கு இருந்தால் அது குருவானவருக்குக் கொடுத்த காணிக்கை.

ஊர்ப்பெயர்

அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப்பிரிவு டவுன்லேண்ட். நாடு முழுக்க 60,000க்கும் மேல் உண்டு. பதிவேட்டில் ஊர் என்று வருவது பெரும்பாலும் இதுதான். ஒரே பங்கில் பத்து பேட்ரிக் மர்ஃபி இருக்கும்போது எந்த ஆள் நம் ஆள் என்று சொல்லக்கூடியதும் இதுதான். ஆகவே பெயரைவிட ஊரைப் படிப்பதில் அதிக நேரம் செலவிடுங்கள்.

முதலில் கத்தோலிக்கப் பங்கு எந்த சிவில் பாரிஷ்களை, அதாவது அரசு நிர்வாகத்துக்கான நிலப்பிரிவுகளை, உள்ளடக்கியது என்று தெரிந்துகொள்ளுங்கள், இரண்டின் எல்லையும் ஒன்றல்ல. அந்த சிவில் பாரிஷ்களின் டவுன்லேண்ட் பட்டியலை எடுங்கள். 1847 முதல் 1864 வரை வெளிவந்த, வரிக்காக நிலத்தையும் வீட்டையும் மதிப்பிட்ட கிரிஃபித் மதிப்பீடு அச்சில் இருப்பதால் அதில் எழுத்துச் சிக்கல் இல்லை, இலவசமும்கூட. பதிவேட்டில் உறுதியாகத் தெரிந்த எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு, தெரியாத இடத்தைக் காலியாக விட்டு, பட்டியலோடு பொருத்துங்கள். 'பாலி', 'கில்', 'நாக்', 'டெரி', 'லிஸ்', 'ட்ரம்', 'க்ளூன்' என்ற தொடக்கங்களும் சிறியது என்ற 'பெக்', பெரியது என்ற 'மோர்' என்ற முடிவுகளும் திரும்பத் திரும்ப வரும். நாக் என்ற சொல் 'க்ரூக்' போலத் தெரிந்தாலும் தயங்க வேண்டாம். குருவானவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால் உரக்கப் படித்துப் பாருங்கள். பழைய எழுத்து வடிவங்களுக்கு அரசின் லாகானிம் இடப்பெயர்த் தளம் உதவும்.

சென்னை, திருச்சிப் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் சிலவற்றுக்கு இதே முறைதான் தேவைப்படும். மெட்ராஸில் பணியாற்றிய ஐரோப்பியப் படைகளில் ஐரிஷ்காரர் நிறைய இருந்தனர். ராயல் மெட்ராஸ் ஃபியூஸிலியர்ஸ் 1881இல் ராயல் டப்ளின் ஃபியூஸிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது. மெட்ராஸ் ராஜதானியின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் பிரதிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 வரிசையில் இருக்கின்றன. படைத்தாள்களில் பிறந்த பாரிஷ் இருந்தால், அதை எழுதியவர் ஐரிஷ் ஊர்ப்பெயர்களுக்குப் பழகாத எழுத்தராக இருக்கலாம் என்பதை நினைவில் வைத்து, மேலே சொன்ன பட்டியலோடு ஒலிப்பொருத்தம் பாருங்கள்.

1911இல் ஐரிஷ் எழுத்து

1911 தாள்களில் சில ஐரிஷ் மொழியில், பழைய கேலிக் எழுத்துருவில் நிரப்பப்பட்டவை. அதில் 'ஆர்' எழுத்தும் 'எஸ்' எழுத்தும் ஒன்றுபோலவே தெரியும், 'எஸ்'ஸை 'ஆர்' என்று படிப்பது புதியவர்கள் அனைவரும் செய்வது. மெய்யெழுத்தின் மேல் புள்ளி இருந்தால் பக்கத்தில் ஒரு 'ஹெச்' இருப்பதாகக் கொள்ளுங்கள். அதே வீட்டில் தந்தைக்கு 'ஓ', மனைவிக்கு 'பான் ஈ', மகளுக்கு 'நீ' என்று குடும்பப் பெயரின் முன்னொட்டு மாறும். மூன்று குடும்பங்கள் ஒரே வீட்டில் இருந்ததாக எண்ணிவிடாதீர்கள்.

எண்களைச் சரிபார்ப்பது

1ம் 7ம், 4ம் 9ம், 0வும் 6ம் குழம்பும். நிலக்கணக்கில் சரிபார்க்க எளிய வழி உண்டு. ஏக்கர், ரூட், பெர்ச் என்று மூன்று நிரல் வரும். 40 பெர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஓர் ஏக்கர். ஆகவே ரூட் நிரலில் 3க்கு மேலும் பெர்ச் நிரலில் 39க்கு மேலும் முழு எண் வராது. ரூட்டில் 7 என்று தெரிந்தால் அது 1. பணத்தில் ஷில்லிங் 19ஐயும் பென்ஸ் முழு எண் 11ஐயும் தாண்டாது. 1823 முதல் 1837 வரையிலான தசமபாக (திருச்சபை வரி) ஏடுகளில் பெரும்பாலும் ஐரிஷ் ஏக்கர், அது சட்ட ஏக்கரைவிட 1.62 மடங்கு பெரியது. கிரிஃபித்துக்குப் பின் வந்த மதிப்பீட்டுத் திருத்த ஏடுகளில் ஒவ்வொரு முறை திருத்தும்போதும் வேறு நிற மை, ஓரத்தில் அதே நிறத்தில் ஆண்டு. இவற்றைக் கறுப்பு வெள்ளையில் வாங்கினால் பயனே இல்லை, வண்ணப் படமாகக் கேளுங்கள்.

வயதை நம்பாதீர்கள். 1908 முதியோர் ஓய்வூதியச் சட்டப்படி 70 வயதானால் பணம் கிடைத்தது. அதனால் 1901இல் 55 வயதாக இருந்தவர் 1911இல் 70ஐ நெருங்கியிருப்பது சாதாரணம். எண்ணைத் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று திகைக்க வேண்டாம். அந்த ஓய்வூதியத்துக்காக 1841, 1851 கணக்கெடுப்புகளில் தேடச் சொல்லிக் கொடுத்த படிவங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் பிழைத்திருக்கின்றன. எரிந்துபோன கணக்கெடுப்பின் ஒரு வீடு அந்தப் படிவத்தின் அடியில் எழுத்தர் கையில் முழுதாக இருக்கக்கூடும்.

இறப்புப் பதிவில் காரணத்துக்குக் கீழே '3 ஆண்டு, சான்று பெற்றது' என்றிருந்தால் அது நோய் நீடித்த காலம். வயது வேறு நிரலில் இருக்கும். பி-ஹெச்-டி-ஹெச் என்று தொடங்கும் அந்தப் படிக்க முடியாத சொல் தைசிஸ், அதாவது காசநோய். மிக அடிக்கடி வரும்.

பட்டியலை எதிர்த்துத் தேடுவது

இத்தனையும் பழகிய பிறகு தேடுபெட்டிக்குத் திரும்புங்கள். இப்போது சரியான எழுத்தைக் கொடுக்காமல் தப்பான எழுத்தைக் கொடுத்துத் தேடுங்கள். லியரி கிடைக்காவிட்டால் சியரி, ஹெனெஸி கிடைக்காவிட்டால் நடுவே 'பி' போட்டு. குடும்பப் பெயரை விட்டுவிட்டு, குழந்தையின் பெயர், ஆண்டு, பங்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். நட்சத்திரக் குறியை ஏற்கும் தளமாக இருந்தால் ஐயமுள்ள எழுத்துகளுக்குப் பதில் அதைப் போடுங்கள். ஃபைண்ட்மைபாஸ்ட், ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளித் தளங்கள் இரண்டிலும் தேசிய நூலகப் பதிவேடுகளுக்கு ஒரே பெயர்ப்பட்டியல்தான், ஒன்றில் தப்பியது மற்றதிலும் தப்பும். கவுண்ட்டி மரபு மையங்கள் தனியாகப் படித்தெடுத்தது ரூட்ஸ்அயர்லாந்து தளத்தில் இருக்கிறது. கட்டணம் உண்டு. ஆனாலும் வேறு கண்கள் படித்தது என்பதால் ஒரு மாதச் சந்தாவுக்குத் தகும்.

டிரான்ஸ்கிரிபஸ் போன்ற கையெழுத்து வாசிப்பு மென்பொருள்கள் நீண்ட உயில், குத்தகைப் பத்திரம் போன்றவற்றில் நேரத்தை மிச்சப்படுத்தும். பெயர்களில் அவற்றை நம்ப வேண்டாம். அரிதான குடும்பப் பெயரைப் பரவலான ஒன்றாக மாற்றிவிடும் போக்கு அவற்றுக்கு உண்டு, அதைச் சரளமாகத் தருவதால் பிழை கண்ணில் படாது. மென்பொருள் தந்த வாசிப்பைப் பார்க்கும் முன் உங்கள் வாசிப்பை எழுதி முடித்துவிடுங்கள். இரண்டும் வேறுபடும் இடங்களை மட்டும் எழுத்துப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். அங்கும் தீராத பெயரை அடைப்புக்குறியோடும் கேள்விக்குறியோடும் குடும்ப மரத்தில் ஏற்றுங்கள், அதே தம்பதியின் அடுத்த குழந்தையின் ஞானஸ்நானம் இரண்டு ஆண்டு தள்ளி, வேறு குருவானவர் கையில், தெளிவாகவே எழுதப்பட்டிருக்கலாம்.